ஒரே விசை, இரண்டு குழல்கள்

மாங்காய்ப் பறிப்பு முடிந்து, தொரட்டிகளையும் ஏணிகளையும் கழுவிக் கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்திருந்த ஒரு ஜூலை மாத இரவில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கும் என் அக்கா மகன் காணொளியில் அழைத்தான். வீட்டு நலம், அக்காவின் முழங்கால் வலி, தோத்தாபுரிக்கு இந்த ஆண்டு கூழ் ஆலைகள் கொடுத்த விலை எல்லாவற்றையும் பேசி முடித்தபின், மேசைமேல் இருந்த இரண்டு கைத்துப்பாக்கிகளைக் காட்டினான். இரண்டிலும் தோட்டாக்களை அடுக்கும் மேகஸின் கழற்றப்பட்டு, குழலைச் சுற்றி முன்னும் பின்னும் ஓடும் மேலுறையான ஸ்லைடு பின்னுக்கு இழுத்துத் திறந்த நிலையில் இருந்ததைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. துப்பாக்கியை யாரிடம் காட்டினாலும் அப்படித்தான் காட்ட வேண்டும் என்று முதல் நாளிலேயே நான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். ஒன்று 9 மி.மீ. க்ளாக் 19. மற்றொன்று பழைய கடையொன்றில் அண்மையில் வாங்கிய, 1911 என்னும் மாடலைச் சேர்ந்த .45 (.45, .22 போன்ற எண்கள் குண்டின் குறுக்களவை அங்குலத்தில் ஏறத்தாழச் சொல்பவை).

"மாமா, ஒரு பாயிண்ட் டூ டூ கன்வர்ஷன் கிட் வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டுல எதுக்கு வாங்கட்டும்?" என்று கேட்டான்.

பெரிய தோட்டாவுக்கான துப்பாக்கியில் சிறிய, விலை குறைந்த .22 தோட்டாவைச் சுட வைக்கும் மாற்றுப் பாகங்களின் தொகுப்புதான் அந்தக் கிட். அந்த இரவில் நான் சுருக்கமாக ஒரு விடை சொன்னேன். விடை சரிதான், ஆனால் அதற்கான காரணங்களைச் சொல்ல நேரம் போதவில்லை. நம் ஊர்களிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறி, அங்கு குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபட்டிருக்கும் பிள்ளைகள் சிலரும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருப்பதால், முழு விடையையும் எழுதி வைக்கிறேன்.

நான் ஓசூரில் டூல் ரூம் வேலை, அதாவது ஆலைக்கு வேண்டிய அச்சுகளையும் பிடிப்புக் கருவிகளையும் செய்யும் வேலை பழகியவன். டை, ஜிக், ஃபிக்சர் ஆகியவற்றோடு இருபது ஆண்டுகள் கழித்தபின், 2008 முதல் 2017 வரை ஒஹாயோவில் வேலை பார்த்தேன். நிரந்தரக் குடியுரிமைக்கான பச்சை அட்டை கைக்கு வந்த பிறகே துப்பாக்கி என்ற பொருளைத் தொட்டேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பரின் துப்பாக்கியைச் சிறிது நேரம் கையில் வாங்கிப் பார்ப்பதுகூட அவரைச் சிக்கலில் மாட்டிவிடலாம். கிட் பற்றி யோசிப்பதற்கு முன் தன் விசா எந்த வகை என்று ஒருவர் யோசிக்க வேண்டும்.

இனி, .22 தோட்டா எந்த வகையைச் சேர்ந்ததோ அந்த ரிம்ஃபயர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில் தட்டினால் தீப்பற்றும் வேதிப்பொருள் சிறிதளவு இருக்கும். 9 மி.மீ., .45 போன்ற தோட்டாக்களில் அப்பொருள் பிரைமர் என்னும் சிறிய கிண்ணத்துக்குள் அடைக்கப்பட்டு, கூட்டின் அடிப்பகுதியின் நடுவில் பொருத்தப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் என்னும் ஊசி நடுவில் குத்தும்; இவை சென்டர்ஃபயர் வகை. .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் தனிப் பிரைமர் கிடையாது. கூட்டின் அடிவிளிம்பு உள்ளே குடைவாக இருக்க, அந்தக் குடைவுக்குள்ளேயே வேதிப்பொருளைச் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். ஃபயரிங் பின் விளிம்பில் குத்தி அதை நசுக்கினால் தோட்டா வெடிக்கும். விளிம்பு நசுங்க வேண்டுமானால் அந்தத் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். தகடு மெல்லியதாக இருப்பதால் உள்ளழுத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. சுட்டபின் விளிம்பு நசுங்கிவிடுவதால் 9 மி.மீ. கூட்டைப் போல மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தவும் முடியாது. ஆனால் செய்வது எளிது, விலை குறைவு. 1887ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தச் சிறிய தோட்டா இன்றுவரை உலகெங்கும் பயிற்சிக்குரிய தோட்டாவாக நிலைத்திருப்பதற்கு அந்த விலையே முதற்காரணம்.

சரி, 1911 துப்பாக்கியின் .45 குழலை மட்டும் கழற்றிவிட்டு .22 குழலைப் பொருத்திச் சுட முடியாதா என்று என் மருமகன் கேட்டான். முடியாது. .45 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 15 கிராம் எடையுள்ளது. வினாடிக்கு 250 மீட்டரைச் சற்றுத் தாண்டிய வேகத்தில் வெளியேறும். .22 குண்டின் எடை பொதுவாக 2.6 கிராம், கைத்துப்பாக்கியின் குறுகிய குழலிலிருந்து வினாடிக்கு 300 மீட்டரை ஒட்டிய வேகத்தில் போகும். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள்: ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு .22 தரும் உந்தம் .45 தருவதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. 1911இன் எஃகு ஸ்லைடு அந்தப் பெரிய உந்தத்திற்காகவே கனமாகச் செய்யப்பட்டது. அதற்குள் குழலும் ஸ்லைடும் சுடும் கணத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, சிறிது தூரம் சேர்ந்து பின்வாங்கி, பிறகு குழல் கீழே சாய்ந்து விடுபடும் ஏற்பாடு இருக்கிறது. ஜான் பிரௌனிங் வகுத்த இந்த முறையைத்தான் 9 மி.மீ. துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இன்றும் பின்பற்றுகின்றன. .22இன் மெல்லிய தள்ளலுக்கு இவ்வளவு கனமும் பூட்டும் தேவையில்லை. அதைச் சுமத்தினால் ஸ்லைடு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

ஆகவே கிட் என்பது துப்பாக்கியின் மேற்பாதி முழுவதையும் மாற்றுவதாகும். எஃகுக்குப் பதிலாகப் பெரும்பாலும் அலுமினிய ஸ்லைடு, பூட்டு ஏற்பாடு இல்லாத நிலையான குழல், மென்மையான ஸ்பிரிங், .22க்கென ஒரு மேகஸின் ஆகியவை ஒரு பெட்டியில் வரும். கீழ்ப்பாதியான ஃப்ரேமும் அதன் கைப்பிடியும், சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையும் அப்படியே இருக்கும். அமெரிக்கச் சட்டம் ஃப்ரேமைத்தான் துப்பாக்கி என்று கணக்கிடுகிறது. பதிவு எண் அதன்மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அதனால் இத்தகைய கிட்டை அங்கு சாதாரண உதிரிப்பாகம் போலத் தபாலில் வீட்டுக்கே வரவழைக்கலாம். தனி .22 துப்பாக்கி வாங்குவதாக இருந்தால் கடைக்காரரிடம் படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும்.

இந்த எண்ணம் புதிதன்று. கோல்ட் நிறுவனம் 1931இல் 1911இன் உருவத்திலேயே 'ஏஸ்' என்ற .22 துப்பாக்கியைக் கொண்டுவந்தது. 1937இல் வந்த 'சர்வீஸ் மாடல் ஏஸ்' துப்பாக்கியில் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் வடிவமைத்த மிதக்கும் சேம்பர் இருந்தது. தோட்டா அமரும் அறையே தனித்துண்டாகச் சிறிது பின்னால் நகர்ந்து ஸ்லைடை உதைக்கும் என்பதால், .22இன் சிறு தள்ளல் பெருகி, எஃகு ஸ்லைடையும் இயக்கி, கையிலும் .45ஐ ஓரளவு ஒத்த உதையை உணர்த்தியது. அடுத்த ஆண்டே அதே ஏற்பாட்டை .45 ஃப்ரேமில் பொருத்தும் கிட்டாகவும் விற்றார்கள். அந்தப் பழைய கிட் ஒன்றை நான் ஒரு கிழவரின் மேசையில் பார்த்திருக்கிறேன். மிதக்கும் அறைக்கும் குழலுக்கும் இடையிலிருந்த இடைவெளியின் அளவு எனக்கு வியப்பாக இருந்தது; கணினி இயந்திரங்கள் இல்லாத காலத்தில் அதைச் செய்த டூல் ரூம் தொழிலாளிகளை நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த இடைவெளியில் ஈயமும் கரியும் படிந்து அடைத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னார். இன்றைய கிட்கள் அந்தச் சிக்கலான வழியை விட்டுவிட்டு ஸ்லைடை இலேசாக்கும் எளிய வழிக்கு வந்துவிட்டன.

நான் கிட் வாங்கியது சிக்கனத்திற்காக என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் அது ஒரு போட்டிக்காக. அமெரிக்கர்கள் புல்ஸை என்று அழைக்கும் பழைய கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒரே நாளில் மூன்று சுற்றுகள் சுட வேண்டும்: முதலில் .22, அடுத்து ஏதேனும் ஒரு சென்டர்ஃபயர், கடைசியில் .45. சுற்றுக்கு 90 தோட்டாக்கள், 900 புள்ளிகள். மொத்தம் 270 தோட்டாக்கள், 2700 புள்ளிகள். ஒற்றைக் கையால் சுட வேண்டும். 50 கெஜத்தில் பத்து நிமிடத்தில் பத்து, 25 கெஜத்தில் இருபது வினாடியில் ஐந்து, பத்து வினாடியில் ஐந்து என்று நேரம் இறுகிக்கொண்டே போகும். ஈரி ஏரிக் கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்து வருகின்றன. அது நான் இருந்த மாநிலத்திலேயே இருந்தது என் நல்வாய்ப்பு. அங்கு சுடுபவர்களில் பலர் 1911 ஒன்றை வைத்துக்கொண்டு, .22 சுற்றுக்கு மேற்பாதியை மாற்றி, பிறகு .45 மேற்பாதியைப் பொருத்திச் சுடுவதைக் கண்டேன். சென்டர்ஃபயர் சுற்றுக்கும் .45 செல்லும் என்பதால் 270 தோட்டாக்களும் ஒரே கைப்பிடியிலிருந்து, ஒரே விசையிலிருந்து வெளியேறின.

அந்த விசைதான் இங்கே எல்லாம். குறி தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கண் அல்ல, விரல். வெடி கிளம்பப் போகிறது, கை உதைக்கப் போகிறது என்று உடல் முன்கூட்டியே அஞ்சி, விசை விடுபடும் அந்தக் கணத்தில் மணிக்கட்டைக் கீழே அழுத்திவிடும். வலக்கைக்காரரின் குண்டுகள் தாளில் கீழே இடப்பக்கம் போய் விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தன. .45இல் நாளொன்றுக்கு 100 சுட்டால் அந்த அச்சம் குறையாது, வேரூன்றும். .22இல் உதை அனேகமாக இல்லை, ஓசை குறைவு. ஆகவே உடல் அஞ்சுவதில்லை, விரல் தன் வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொண்ட அதே விசையை, அதே எடையில், அதே இடத்தில் விடுபடும் விசையை, .45 மேற்பாதியை மாட்டியபின்னும் விரல் அடையாளம் கண்டுகொள்கிறது. கிட்டின் முழுப் பயனும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. உதையிலிருந்து மீண்டு அடுத்த குறிக்கு வருவதை .22 கற்றுத் தராது. பைசா மிச்சமும் உண்டுதான்: நான் அங்கிருந்தபோது கிட் ஒன்று 300 முதல் 400 டாலர் வரை விற்றது; .45க்கும் .22க்கும் தோட்டாவுக்குத் தோட்டா 30 சென்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்ததால் 1,500 தோட்டாக்களுக்குள் கிட் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் அதே விலைக்கு முழுத் துப்பாக்கியே கிடைக்கும்போது பணக்கணக்கு மட்டும் கிட்டின் பக்கம் நிற்காது.

இங்கேதான் என் மருமகனின் கேள்விக்கான விடை இருக்கிறது. விசையின் உணர்வை உண்டாக்கும் பாகங்கள் துப்பாக்கியின் எந்தப் பாதியில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 1911இல் ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தி, அதைப் பிடித்து நிறுத்தும் சியர், அவற்றை அழுத்தும் ஸ்பிரிங்குகள் அனைத்தும் ஃப்ரேமுக்குள் இருக்கின்றன. மேற்பாதியை மாற்றினாலும் விசை மாறுவதில்லை. செக் நாட்டு சிஇசட் 75, சிக் சாவர் பி226, பெரெட்டா 92 ஆகியவையும் சுத்தி உள்ள துப்பாக்கிகளே. அவற்றுக்கெல்லாம் தயாரித்த நிறுவனங்களே .22 கிட் கொண்டுவந்ததை நாம் கவனிக்க வேண்டும். க்ளாக் அப்படியன்று. அதில் சுத்தி கிடையாது. ஸ்டிரைக்கர் என்னும் ஊசியும் அதன் ஸ்பிரிங்கும் ஸ்லைடுக்குள் இருக்கின்றன, விசையை இழுக்கும்போது விரல் அந்த ஸ்பிரிங்கையும் சேர்த்தே இழுக்கிறது. மேற்பாதியைக் கழற்றும்போது விசையின் குணத்தில் ஒரு பங்கும் அதோடு கழன்று போய்விடுகிறது. க்ளாக்குக்கு அட்வான்டேஜ் ஆர்ம்ஸ், டாக்டிகல் சொல்யூஷன்ஸ் போன்றோர் செய்த கிட்கள் உண்டு. அவை நன்றாக ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆயினும் க்ளாக் நிறுவனமே 19இன் அளவிலும் பிடியிலும் க்ளாக் 44 என்ற .22 துப்பாக்கியை 2019இன் இறுதியில் அறிவித்தது. அதே உறைக்குள் அது அமரும், அதே நிறுவனத்தின் விசை. 1911க்குக் கிட் வாங்கு, க்ளாக்குக்குத் தனித் துப்பாக்கி வாங்கு என்று அந்த இரவில் நான் சொன்னதற்கு இதுவே காரணம்.

கிட்களுக்குள்ளும் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றில் முழு ஸ்லைடும் 1911இன் உண்மையான ஸ்லைடைப் போலவே முன்னும் பின்னும் ஓடும். மற்றொன்றில் குழலும் அதன்மேல் பொருத்திய தண்டும் ஃப்ரேமோடு அசையாமல் இறுகி நிற்க, பின்பகுதி மட்டும் ஓடும். புல்ஸை சுடுபவர்களிடையே பெயர்பெற்ற மார்வெல் கிட் இந்த இனம், சிஇசட் 75க்கான கேடெட் கிட்டும் பின்பகுதி மட்டும் ஓடும் ஏற்பாடு கொண்டது. இரண்டாம் இனத்தில் ஓடும் எடை குறைவு. அசையாத தண்டின்மேல் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கியைப் பொருத்தினால் அது உதையில் ஆடுவதில்லை, குறியும் நிலைத்து நிற்கிறது. 50 கெஜத்தில் சுடுபவர் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. 25 கெஜத்துக்குள் பொழுதுபோக்காகச் சுடுபவருக்கோ, ஸ்லைடை இழுத்து விடும் பழக்கம் மாறாமல் இருக்க வேண்டும் என்று விரும்புபவருக்கோ முதல் இனம் போதும்.

என் முதல் கிட் முதல் இனத்தைச் சேர்ந்தது. அது எனக்குத் துன்பம் தந்தது. முதல் நாள் 100 தோட்டாக்களில் பதினான்கு முறை நின்றுபோனது. பாதி முறை ஸ்லைடு முழுவதும் பின்னுக்குப் போகாமல், காலிக் கூட்டைக் கதவிடுக்கில் விரல் சிக்கியதுபோலக் கவ்விக்கொண்டு நின்றது. மற்றப் பாதியில் சுத்தி விழுந்தும் தோட்டா வெடிக்கவில்லை. கிட்டைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போன நான், இரவில் பாகங்களை மேசையில் பரப்பி வெர்னியர் வைத்து அளந்தபோது குறை இரண்டு இடங்களில் இருப்பதை உணர்ந்தேன். ஸ்லைடின் பள்ளம் என் ஃப்ரேமின் தண்டவாளத்தில் ஓரிடத்தில் உரசியது. அது கிட்டின் குறை. ஆனால் தோட்டா வெடிக்காததற்குக் காரணம் என் துப்பாக்கியிலேயே இருந்தது. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் விசையை இலேசாக்குவதற்காகச் சுத்தியின் பின்னாலுள்ள பெரிய ஸ்பிரிங்கை 23 பவுண்டிலிருந்து 19 பவுண்டுக்கு மாற்றியிருந்தார். .45 பிரைமருக்கு 19 போதுமாக இருந்தது. விளிம்பை நசுக்க வேண்டிய .22க்கு அந்த அடி போதவில்லை.

பழைய 23 பவுண்டு ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டேன். அப்போது தோட்டாக்கள் எல்லாம் வெடித்தன. ஆனால் ஸ்லைடு பின்வாங்கும்போது அந்தச் சுத்தியையும் மடக்க வேண்டும் என்பதால், வலுவான ஸ்பிரிங் இலேசான ஸ்லைடைத் தடுத்து, பாதியில் நிற்பது கூடிற்று. வெடிப்பதற்கு வலு வேண்டும், ஓடுவதற்கு இலகு வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 21 பவுண்டு ஸ்பிரிங் ஒன்று என் துப்பாக்கிக்குப் பொருந்தியது. ஃப்ரேம் உரசலை நானே அரத்தால் தேய்க்காமல், துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு முதியவரிடம் கொடுத்துச் சரிசெய்தேன். இருபது ஆண்டு டூல் ரூமில் இருந்தவன் ஏன் வெளியாளிடம் கொடுத்தான் என்று கேட்கலாம். உலோகத்தைத் தேய்க்க எனக்குத் தெரியும். எதைத் தேய்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கிட் தேர்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தன் துப்பாக்கியின் ஸ்பிரிங்குகள் ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே உள்ளனவா என்பதே. அடுத்து, தன்னுடையது எந்தத் தலைமுறை, எந்தத் தொடர் என்பதைத் தயாரிப்பாளரிடம் எண்ணோடு சொல்லிக் கேட்க வேண்டும். 1911இல் ஃபயரிங் பின்னுக்குத் தடை வைத்த 'சீரிஸ் 80' ஒன்று, வைக்காத 'சீரிஸ் 70' ஒன்று; க்ளாக்கில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தலைமுறைகளுக்கு உள்ளமைப்பு வேறு. படத்தைப் பார்த்து வாங்கினால் பெட்டியைத் திரும்ப அனுப்பத்தான் நேரும்.

தோட்டாவைப் பற்றி. அலுமினிய ஸ்லைடு இலேசானதுதான் என்றாலும் அதை இயக்க அதிவேக வகைத் தோட்டா தேவைப்படும் கிட்கள் பல. செம்புப் பூச்சுள்ள சிசிஐ மினிமேக் என் முதல் கிட்டில் ஓடியது. ஒலியின் வேகத்துக்குக் கீழே செல்லும் சாந்தமான வகைகள் அதில் ஓடவில்லை. மாறாக, போட்டிக்குரிய இரண்டாம் இனக் கிட்கள் அந்தச் சாந்தமான, சீரான தோட்டாவுக்கென்றே செய்யப்பட்டவை. குறி துல்லியமும் அவ்வகையில்தான் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் தயாரிப்பாளர் எந்தத் தோட்டாவைப் பரிந்துரைக்கிறார் என்று பார்த்து, அது அக்கம்பக்கத்துக் கடைகளில் எப்போதும் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். 2012 டிசம்பருக்குப் பின், சட்டம் கடுமையாகும் என்ற அச்சத்தில் மக்கள் வாங்கிக் குவித்ததால், 2013இலும் அதற்குப் பின்னும் .22 தோட்டா கடைகளில் காணாமற்போனது. 500 தோட்டாக்கள் அடங்கிய கட்டை அங்குள்ளவர்கள் 'செங்கல்' என்பார்கள். அந்தச் செங்கல் ஒன்றுக்காகக் காலை ஏழு மணிக்குப் பனியில் வரிசையில் நின்றிருக்கிறேன். கிடைத்தது வேறு வகை, அது என் கிட்டில் ஓடவில்லை. ஒரே வகைத் தோட்டாவை மட்டும் ஏற்கும் கிட், அந்தத் தோட்டா கிடைக்காத ஆண்டில் பெட்டிக்குள் கிடக்கும் உலோகம்தான்.

மேகஸினை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. .22 கூட்டின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் நகராது. ஒவ்வொன்றாகச் சீராக அடுக்க வேண்டும். கிட்டோடு ஒரு மேகஸின்தான் வரும். கூடுதல் மேகஸின் தனியே கிடைக்குமா, பத்தாண்டுக்குப் பின்னும் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு திறந்து நிற்காத கிட்களும் உண்டு. அவற்றை நான் விரும்புவதில்லை. துப்பாக்கி காலியாகிவிட்டது என்பதைக் கண்ணால் பார்க்கும் வசதியை விட்டுக்கொடுக்கக் கூடாது. சில கிட்களில் வெறும் சேம்பரில் சுத்தியை விழவைத்துப் பழகினால் ஊசி சேம்பரின் விளிம்பில் மோதிப் பள்ளம் உண்டாக்கும்; .45 மேற்பாதியில் செய்யும் அந்தப் பயிற்சியை .22 மேற்பாதியில் செய்ய வேண்டுமானால் பயிற்சிக்கான போலித் தோட்டா ஒன்றைச் சேம்பரில் வைத்துக்கொள்ள வேண்டும்.

.22 அழுக்கானது. பூச்சில்லாத ஈயம், மெழுகு, எரியாத மருந்துத் துகள் எல்லாம் சேர்ந்து 200, 300 தோட்டாக்களுக்குள் சேம்பரைப் பிசுபிசுப்பாக்கிவிடும். நின்றுபோகிறது என்று குறை சொல்பவர்களில் பலர் துடைப்பதில்லை. ஈயத் தூசு கையில் ஒட்டியிருக்கும்போது எதையும் உண்ணக் கூடாது. சுட்டு முடித்தவுடன் குளிர்ந்த நீரில் சோப்பிட்டுக் கை கழுவி, அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காமல் இருக்க வேண்டும். என் மருமகனுக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள் என்பதால் இதை நான் மூன்று முறை சொன்னேன்.

இன்னொன்றையும் அவனிடம் அழுத்திச் சொல்ல நேர்ந்தது. "ஊருக்கு வரும்போது அந்தக் கிட்டை எடுத்துட்டு வந்து காட்டறேன், மாமா, அது வெறும் பார்ட்ஸ்தானே" என்றான். அங்கே வெறும் பாகம்; இங்கே அப்படியில்லை. இந்தியாவின் ஆயுதச் சட்டம், 1959, ஆயுதம் என்ற சொல்லுக்குள் ஆயுதத்தின் பாகங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. ஒரு குழலோ ஸ்லைடோ பெட்டியில் இருந்து விமான நிலையத்தில் பிடிபட்டால் அது உரிமமில்லாத ஆயுதம். தவறுதலாகப் பைக்குள் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டாகூட வழக்காகிவிடும் என்பதால், சுடும் இடத்துக்கு எடுத்துச் செல்லும் பையைப் பயணத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்று சொன்னேன். மேலும் 9 மி.மீ., .45 ஆகியவை இங்கு தடைசெய்யப்பட்ட வகை. பொதுமக்களுக்கு வழக்கமாக அவற்றுக்கு உரிமம் கிடைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் துப்பாக்கி என்றால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்களில் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிதான் மக்கள் நினைவுக்கு வரும். உரிமமில்லாதவற்றை ஒப்படைக்குமாறு காவல்துறை கிராமங்களில் அறிவிப்பதும், தோட்டங்களிலும் ஓடைகளிலும் யாரோ போட்டுவிட்டுப் போனவற்றை எடுத்துச் செல்வதும் எங்கள் நாளிதழ்களில் பழக்கமான செய்திகள். அந்த ஊரில், அமெரிக்காவிலிருந்து வந்த பையனின் பெட்டிக்குள் ஒரு குழல் இருந்தது என்ற பேச்சு எழ வேண்டிய தேவை என் அக்காவுக்கு இல்லை.

நம் நாட்டில் கிட் என்ற ஏற்பாடே இல்லை என்பதல்ல. 25 மீட்டர் போட்டிகளில் .22க்கும், .32 எஸ்&டபிள்யூ லாங் சென்டர்ஃபயருக்கும் மேற்பாதியை மாற்றிச் சுடும் வால்தர் ஜிஎஸ்பி போன்ற போட்டித் துப்பாக்கிகளை, உரிமமும் இறக்குமதி அனுமதியும் பெற்ற வீரர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கும் காரணம் ஒன்றே: கைப்பிடியை உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கி, விசையை இழுக்க வேண்டிய எடையை 1000 கிராமுக்குச் சரியாக அமைத்தபின் அதை விட்டு விலக யாருக்கும் மனம் வராது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் 25 மீட்டர் ராபிட் ஃபயர் பிரிவில் வெள்ளி வென்றபோது சுட்டதும் இதே .22 தோட்டாதான். நான் திரும்பி வந்தபின் அந்த வழிக்குப் போகவில்லை. காவேரிப்பட்டணத்துக்கு வெளியே எங்கள் தோப்பில், மாங்காய் கொட்டி வைக்கும் கொட்டகையின் நீளம் பன்னிரண்டு மீட்டர். பின்சுவரில் இரும்புத் தகட்டுப் பெட்டியும் மணல் மூட்டையும் வைத்து, 4.5 மி.மீ. காற்றுக் கைத்துப்பாக்கியால் பத்து மீட்டரில் சுடுகிறேன். அதன் விசை 500 கிராம். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மி.மீ.

மூன்று வாரங்களுக்குப் பின் மருமகன் இரண்டு தாள்களின் படங்களை அனுப்பினான். 1911க்குப் போட்டி வகைக் கிட் வாங்கியிருந்தான். ஸ்பிரிங்கை முதலில் பார்த்திருந்தான், 23 பவுண்டுதான், மாற்றப்படாதது. 25 கெஜத்தில் .22 மேற்பாதியால் சுட்ட பத்தும் ஓர் எலுமிச்சையால் மூடிவிடக்கூடிய வட்டத்துக்குள் இருந்தன. .45 மேற்பாதியால் சுட்ட பத்தில் ஆறு கீழே இடப்பக்கம். "மாமா, சைட்டைத் திருப்பட்டுமா?" என்று கேட்டிருந்தான். சைட்டை, அதாவது குறிநோக்கியைத் தொடாதே, நாளொன்றுக்கு .22இல் 80 சுட்டுவிட்டுக் கடைசியில் .45இல் பத்து மட்டும் சுடு, அந்தப் பத்தில் இரண்டு போலித் தோட்டாக்களை எங்கே இருக்கின்றன என்று உனக்குத் தெரியாதபடி நண்பரை விட்டு நிரப்பச் சொல், போலித் தோட்டா வரும்போது குழல்முனை எங்கே அசைகிறது என்று பார்த்து எனக்கு எழுது என்று பதில் அனுப்பினேன். நேற்று எழுதியிருந்தான்: முதல் நாள் குழல்முனை ஒரு விரல்கடை கீழே இறங்கியதாம், ஒன்பதாம் நாள் அசையவில்லையாம்.